பச்சைச் சீட்டு

லிஜியின் வலது கையை நான் முதலில் பார்த்தது தோலுக்கு உள்ளேயிருந்துதான். முன்கையில் இரண்டு எலும்பு உண்டு. அதில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு சரியாக நடுவில் ஒடிந்து விலகி நின்றது. குழித்துறையில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். இந்த எலும்பு இந்த இடத்தில் ஒடிய வேண்டுமென்றால், தலைக்கு வரும் அடியைத் தடுக்க ஒருத்தி கையைத் தூக்கியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பதிவேட்டில் ‘எப்படி அடிபட்டது’ என்ற கட்டத்தில் ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதினேன்.

அப்படிச் சொன்னது அவளுடைய மாமியார் தங்கபாய். அவள் கணவன் எட்சன் வெளியே நின்று போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

எட்சன் பத்து வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை போட்டவன். வழுக்காத பாத்ரூம் டைல்ஸ் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவன் கடைதான். கடைப் பலகையில் ஒரு குழந்தை ஈரத் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்கெல்லாம் வழுக்காத தரை போடுகிறவன் வீட்டுக் குளியலறையில் மட்டும் அவன் மனைவி மூன்று வருடத்தில் மூன்று முறை வழுக்கி விழுந்தாள். இதைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானும்தான். அவன் எங்கள் தேவாலயத்துச் சபைக் கமிட்டியில் உறுப்பினர். என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. என் குளியலறையில் கிடப்பதும் அவன் கடை டைல்ஸ்தான். ராகேலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என்னைப் பற்றி ஊரே சொல்லும். அந்தக் கோபத்தை பஸ் கண்டக்டரிடம் காட்டினேன், தண்ணீர் திறந்துவிடுகிறவனிடம் காட்டினேன். காட்ட வேண்டிய இடத்தில் காட்டவில்லை.

முதல் தடவை படத்தைப் பார்த்த டாக்டர், “பால் குடிக்கிற பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

“இவ எங்க சார் குடிப்பா? கடப்புறத்துக்காரியில்லியா. மீன் தின்ன வாயில பால் விட்டா தோலு வெளுத்துப் போவும்னு பறைவா,” என்று தங்கபாய் முந்திக்கொண்டாள்.

அது மட்டும் பொய்யில்லை. லிஜி கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். மூன்று வேளையும் மீன் வேகிற வீட்டில் பாலுக்கு இடம் கிடையாது. மீனையும் பாலையும் சேர்த்தால் தோலில் வெள்ளை படரும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். சாயா என்றாலும் பால் விடாத கட்டன் சாயாதான். டாக்டர் தலையை ஆட்டி, “கால்சியம் குறைவு,” என்று மாத்திரை எழுதினார்.

அந்த ஒரு சொல்லை எட்சன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இரண்டே மாதத்தில் எங்கள் தெருவில் அவனைவிடக் கால்சியம் தெரிந்த ஆள் கிடையாது. ஒரு டம்ளர் பாலில் எவ்வளவு, கேழ்வரகில் எவ்வளவு, முருங்கைக்கீரையில் எவ்வளவு, எத்தனை நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும் என்று தேவாலய வாசலில் நின்று வகுப்பெடுத்தான். “எனக்க பொண்டாட்டிக்க எலும்பு அப்பளம் பாத்துக்கிடுங்க. நான் கையில வச்சுத் தாங்குதேன்,” என்பான். பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

இரண்டாவது தடவை விலா எலும்பு இரண்டு. மேஜையில் படுக்க வைத்துச் சட்டையை விலக்கினேன். இடது பக்கம் முழுக்க ரத்தம் கட்டி, நீலத்தில் செருப்பின் அடிவரிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. கொஞ்சம் உற்றுப் பார்த்திருந்தால் செருப்பின் அளவைக்கூட வாசித்திருக்கலாம். பதிவேட்டில் குளியலறை என்று எழுதினேன்.

மூன்றாவது தடவை இடது கையின் கடைசி இரண்டு விரல்கள். அண்ணன் சகாயத்திடம் போனில் பேசினாள் என்று கதவிடுக்கில் விரல்களை வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை; அவளே சொன்னாள். நகம் இரண்டும் கழன்று துணியோடு ஒட்டியிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது விதி. அவள் மாமியார் இல்லாமல் நிற்கிற இடம் இந்த உலகத்தில் அந்த அறை ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“ஏட்டி, உனக்க அண்ணன் வரச்சொல்லித்தானே கூப்பிட்டான். போனா என்ன?”

சகாயம் கன்னியாகுமரி பக்கம் ஒரு மீனவ ஊரில் கருவாட்டுக் கொட்டகை நடத்துகிறான். தங்கையும் வந்து கூட நின்றால் இரண்டு குடும்பமும் பிழைக்கலாம் என்று பலமுறை அழைத்திருந்தான்.

“போயி என்ன செய்யக்கா? அங்க கூடை தூக்கணும், கருவாட்டுப் பாய் சுமக்கணும். எனக்க எலும்பு தொட்டாலே ஒடியுது. அவரு ஓங்கிக்கூட அடிக்கேல்ல. வேற பொண்ணுவளுக்கு இந்த அடி பட்டா ஒண்ணும் ஆவாதாம். எனக்குத்தான் சத்தில்ல. ஒடிஞ்ச கைய வச்சுட்டு அண்ணிக்க முன்னால இருந்து திங்கவா? இங்கயே கிடந்து சாவுதேன்.”

அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. விலை சொல்வது மாதிரி சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. அவன் அவள் எலும்பை ஒடித்தது மட்டுமல்ல, குற்றம் எலும்பின் மேல் என்று அவளையே நம்ப வைத்திருந்தான். அவளுடைய படங்கள் மூன்றும் என் கண்ணுக்குள் இருந்தன. கெட்டியான எலும்புகள். இப்படிப்பட்ட எலும்பு ஒடிய வேண்டுமென்றால் நல்ல பலத்தோடு அடிக்க வேண்டும். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். “படம் எடுத்தாச்சு, போ மக்கா,” என்றேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில் எலும்பு முகாம் வைத்தார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் வந்திருந்தார்கள். முதலில் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள். எந்த உணவில் கால்சியம் உண்டு, யாருக்கு அதிகம் வேண்டும், வெயில் எதற்கு என்று. பிறகு என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற விசாரணை. கடைசியில் குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைத்தால் எலும்பின் வலுவைக் காட்டும். நல்லதென்றால் பச்சைச் சீட்டு, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. எக்ஸ்ரே தெரிந்தவள் என்று என்னையும் உதவிக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

எட்சன் தாளை வாங்கி நின்ற நிலையிலேயே எழுதிக் கொடுத்தான். எல்லாம் சரி. பிறகு ஜெஸ்பின் என்ற பிள்ளை, “அண்ணா, பால் குடிப்பீங்களா?” என்று கேட்டாள்.

“பாலா? நான் என்ன கன்னுக்குட்டியா?” என்றான். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

“மீன்?”

“நெய்மீன் துண்டு. முள்ளு கிடந்தா தொடமாட்டேன்.”

“கீரை, கேழ்வரகு?”

“அதெல்லாம் சீக்காளிக்குள்ளது.”

வெயிலா என்றால், வீட்டிலிருந்து காரில் ஏசி, கடையில் ஏசி. பிராந்தியும் சிகரெட்டும் உண்டா என்றதற்கு, சபை மண்டபமாயிற்றே, இல்லை என்றான். அவன் சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. ஜெஸ்பின் அதைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள்.

லிஜி தாளில் இரண்டு கேள்விக்குத்தான் சரியாகப் பதில் எழுதியிருந்தாள். பால் கிடையாது என்றாள். மீன் என்றதும் தலை குனிந்தாள். தங்கபாய் பக்கத்திலிருந்து சொன்னாள்: “நாங்க தின்னு போட்ட பொறவு தலையும் முள்ளும் இவளுக்கு. நெத்தோலி, சாளை கிடைச்சா முள்ளோட கறுமுறான்னு சவச்சுத் தின்னுவா. பூனை தோத்துப் போவும். வெக்கக்கேடு.”

“அது நல்லதாச்சே பாட்டி,” என்றாள் ஜெஸ்பின். தங்கபாய்க்கு அந்தப் ‘பாட்டி’ பிடிக்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். எதையும் மைக்கில் வாசித்தால்தான் நடந்ததாகக் கணக்கு. பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சை மார்க், வீட்டு ஜெபக்கூட்டம், எல்லாம் மைக்கில் வர வேண்டும். செயலாளர் பொன்னுலிங்கம் கையில் ஒரு தாள் கிடைத்தால் கடைசி வரி வரை வாசிக்காமல் வைக்க மாட்டார். எலும்பு முடிவை அவரவருக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்று ஜெஸ்பின் பதறிக்கொண்டு வந்தாள். அதற்குள் அவர் மைக்கைத் தட்டி விட்டார்.

“அறிவுக் கேள்வியில் பத்துக்குப் பத்து எடுத்து முதல் பரிசு பெறுகிறவர், நம்முடைய கமிட்டி உறுப்பினர் எட்சன்!”

கைதட்டல். பரிசு ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர், பால் குடிப்பதற்காம். எட்சன் அதைத் தூக்கிக் காட்டினான். பொன்னுலிங்கம் அடுத்த பட்டியலை எடுத்தார்.

“எலும்பு வலு. எட்சன், சிவப்பு.” கொஞ்சம் திகைத்தவர், பழக்க தோஷத்தில் தொடர்ந்தார். “லிஜி எட்சன், பச்சை. பெண்களில் முதலிடம்.”

பின் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகுதான் அர்த்தம் புரிந்து கை நின்றது. மூன்று வருடமாக அப்பளம் என்று கேள்விப்பட்ட எலும்பு அது.

“மெஷின் கேடு,” என்றான் எட்சன். அவன் குரல் மாறியிருந்தது.

ஜெஸ்பின் சின்னப் பெண்தான், ஆனால் மெஷினைச் சொன்னதும் ரோஷம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் இரண்டு பேரையும் மறுபடி உட்கார வைத்துக் குதிகாலை வைத்துப் பார்த்தாள். அவனுக்கு அதே சிவப்பு, இவளுக்கு அதே பச்சை.

லிஜி பச்சைச் சீட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேரே என்னிடம் வந்தாள்.

“ராகேலக்கா, பச்சைன்னா என்ன?”

“உனக்க எலும்புக்கு ஒரு குறையும் இல்லன்னு அர்த்தம்.”

“இப்பம் மாத்திரை தின்னு சரியாச்சா?”

“மாத்திரை ஒண்ணும் இல்ல. உனக்கு ஆதியிலேயே கெட்டி எலும்பு. முள்ளு தின்னு வளந்த எலும்பு.”

“பின்ன ஏன் ஒடிஞ்சு?”

மண்டபத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள். “அவன் அடிச்சு ஒடிச்சான் மக்கா. சத்துக்குறைவு இல்ல. அடி,” என்றேன். பக்கத்தில் நின்ற பொன்னுலிங்கத்தின் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. அந்த ‘அடி’ வாசல் ஒலிபெருக்கி வழியாக ரோட்டுக்கே போயிற்று.

எட்சன் சிரித்துக்கொண்டே வந்தான். சிரித்துக்கொண்டே அவள் இடது கையைப் பிடித்தான். கூடிச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத அந்த இரண்டு விரல்களைப் பின்னால் வளைத்தான். அவள் முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் போடாமல் இருக்கப் பழக்கியிருந்தான். “வீட்டுக்கு வா,” என்றான். தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனான். ஒரு ஆண்பிள்ளை அசையவில்லை. “குடும்ப விஷயம்,” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் முகத்தில் காறித் துப்ப நேரமில்லை. பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குள் நான் நுழையும்போது அவள் அடுக்களைச் சுவரோரம் கிடந்தாள். முகாமிலிருந்து முன்னாலேயே வந்த தங்கபாய் போட்டிருந்த மரவள்ளிக்கிழங்கு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அவன் அவள் வயிற்றில் மிதித்தான். மறுபடி மிதித்தான். “எனக்க மானத்த மைக்கு வச்சு வாங்குதியா? பாலு குடிடி. இந்தா, குடி!” கையிலிருந்த பரிசு டம்ளரின் விளிம்பால் அவள் நெற்றியில் ஓங்கி அடித்தான். தோல் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடி, மூக்கு வழியாக வாய்க்குள் போயிற்று. இரண்டாவது தடவை அடித்தபோது டம்ளரின் வாய் நசுங்கியது.

பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து என் பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். அவன் திரும்பிப் பார்க்காமலே முழங்கையை வீசினான். என் உதடு கிழிந்தது. முன்பல் ஒன்று நாக்கில் உருண்டது. துப்பினேன். நான் கீழே விழுந்த அந்த ஒரு நிமிடத்தில் லிஜி எழுந்துவிட்டாள்.

பானைக்குள் கிழங்கு மசிக்கிற மரத் துடுப்பு செருகியிருந்தது. அதை உருவினாள். ஆவி பறக்கும் கிழங்கு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் டம்ளரை மறுபடி ஓங்கினான். அவள் வீசினாள். பெரிய வீச்சு அல்ல. நின்ற இடத்தில் நின்று, கண்ணில் ரத்தத்தோடு, வந்த கையைத் தட்டிவிடுகிற மாதிரி ஒரு அடி. காய்ந்த ஓலைமட்டையைக் காலால் மிதித்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. டம்ளர் தரையில் உருண்டது. அவன் முன்கை நடுவில் ஒரு புது மூட்டு முளைத்தது போலத் தொங்கியது.

அவன் அதைப் பார்த்தான். பிறகு அலறினான். மாடு அறுக்கும்போதுகூட அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை.

லிஜி துடுப்பை மறுபடி தூக்கினாள். இப்போது ஓங்கித்தான் தூக்கினாள், இரண்டு கையாலும், தலைக்கு மேலே. அவன் மூலையில் குந்தி, ஒடியாத இடது கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படித் தூக்கிய கையை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவள் துடுப்பைப் பானைக்குள் திரும்பச் செருகினாள். அடுப்பை அணைத்தாள்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார். போன் செய்து வரவழைத்தேன். கிளினிக்கைத் திறந்து முதலில் லிஜியின் நெற்றியில் ஏழு தையல். அவள் சகாயத்துக்குப் போன் செய்துவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தங்கபாய் கூட்டி வந்த எட்சனைப் படம் எடுத்தேன். எலும்பு மங்கலாக, ஓரம் மெலிந்து தெரிந்தது. ஒடிந்த முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. என் உதட்டில் பஞ்சு வைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தேன்.

“எப்படி அடிபட்டது?” என்று கேட்டேன்.

“பாத்ரூமில வழுக்கி…” என்றாள் தங்கபாய். வாய் பழகிப் போயிருந்தது.

“இவ அடிச்சா! எழுதுங்க. கொலைகாரி, எனக்க கைய ஒடிச்சுப்போட்டா. எழுதுங்க அக்கா!” என்று எட்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான். மூன்று வருடத்தில் அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

லிஜி எழுந்து கதவோரம் வந்து நின்றாள். முகத்தில் பாதி வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

“நான் அடிக்கேல்ல அக்கா. தொட்டேன். அவருக்க எலும்புக்கு வலு இல்ல. கால்சியம் குறைவு. சபையே கேட்டுதே, மைக்கில வாசிச்சாவளே,” என்றாள்.

டாக்டர் நெற்றித் தையலையும் என் வாயையும் பார்த்துவிட்டு, மாவுக்கட்டுப் போடத் திரும்பினார்.

நான் எட்சனின் கட்டத்தில் எழுதினேன்: ‘மனைவியை டம்ளரால் அடிக்க ஓங்கியபோது அவர் தடுத்ததில் ஒடிந்தது. நேரில் பார்த்தேன். ராகேல்.’ பிறகு பழைய பக்கங்களைத் தேடி எடுத்தேன். மூன்று இடத்தில் குளியலறை. மூன்றையும் ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் கை, கால், கதவு என்று நடந்ததை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன். அடித்து எழுதியதற்கு வேலை போனாலும் போகட்டும். மூன்று படத்தையும் உறையிலிட்டு, அவள் விடாமல் வைத்திருந்த பச்சைச் சீட்டையும் அதற்குள் வைத்து லிஜியிடம் கொடுத்தேன்.

“நேரா மகளிர் போலீசுக்குப் போ. நான் பின்னால வாறேன்.”

சகாயம் ஆட்டோவோடு வந்துவிட்டான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் எட்சன் படுத்திருந்த அறையை நோக்கிப் பாய்ந்தான். லிஜி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “வேண்டாம் அண்ணா. தொட்டா ஒடிஞ்சிரும்,” என்றாள்.

பிறகு தங்கபாயிடம் திரும்பினாள். “மாமி, அவருக்குப் பாலு காச்சிக் குடுங்க. முள்ளு இருந்தாலும் குடுங்க.”

கிளம்பும்போது வீட்டிலிருந்து எடுத்து வந்த துணிப் பெட்டி பெஞ்சுக்கடியில் இருந்தது. கனமான பெட்டி. முதலில் ஒடிந்த அந்த வலது கையால் அதைத் தூக்கினாள். சகாயம் வாங்குவதற்குக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.